எட்டு மணிக்குள் அவிழ்க்கும் வலை

செப்டம்பர் 4, வியாழன்

மூட்டமான காலை. தூறும் போல இருந்தது, தூறவில்லை. விமானப்படையின் பயிற்சி விமானம் விடிந்ததும் விடியாததுமாகத் தலைக்கு மேல் சுற்ற ஆரம்பித்துவிட்டது.

இன்றைக்கு: மோட்டாருக்கு வாஷர். கண் சொட்டு மருந்து. பல் டாக்டரிடம் தேதி கேட்க வேண்டும் (தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறேன்). பதினொரு மணிக்குத் திடல்.

திடல் விஷயம் இதுதான். காலனிக்கு நடுவே இருக்கும் பொது இடத்தை மேம்படுத்த மாநகராட்சி பணம் ஒதுக்கியிருக்கிறது. அளந்து மதிப்பீடு போட உதவிப் பொறியாளர் வருகிறார் என்று தணிகாசலம் நேற்றே வாட்ஸாப்பில் மூன்று முறை போட்டுவிட்டார். அவர் எங்கள் நடைப்பயிற்சிக் குழுவின் தலைவர். நான் செயலாளர். செயலாளர் என்றால் அவர் சொல்வதைப் பிழையில்லாமல் எழுதுகிறவன். வேலை பார்த்த காலமெல்லாம் கல்லூரி நூலகத்தில் புத்தகங்களுக்கு அட்டவணை எழுதியவனுக்கு இது கஷ்டமில்லை.

பொறியாளர் ஒரு பெண். முப்பது வயது இருக்கலாம். வண்டலூரிலிருந்து ஸ்கூட்டரில் வந்தாராம். ஹெல்மெட்டைக் கழற்றாமலே டேப்பைப் பிடித்து அளந்தார். மறுமுனையை நான் பிடித்தேன். அளந்து முடித்து, நின்று, சுற்றும்முற்றும் பார்த்தார்.

"இங்க ஏதாவது கேம் ஆடுறாங்களா சார்?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். "காலைல லேடீஸ் கொஞ்சம் பேர்..." என்று ஆரம்பித்தேன்.

"அது சும்மா டைம் பாஸ் மேடம்," என்றார் தணிகாசலம். "ரெகுலரா யூஸ் பண்றது வாக்கர்ஸ்தான். நீங்களே பாருங்க. ஒரு கம்பம் இருக்கா, ஒரு கோடு இருக்கா? வெறும் மண்ணு."

பொறியாளர் தரையைப் பார்த்தார். ஒன்றும் இல்லை. எழுதிக்கொண்டார்.

அவர் செருப்புக்கு ஒரு சாண் தள்ளித்தான் வலைக்கம்பம் சொருகும் இரும்புக் குழாய் புதைந்திருக்கிறது. மேலே தகர மூடி, அதற்கு மேல் மண். காட்டியிருக்கலாம். காட்டவில்லை. டேப்பைச் சுருட்டிக் கொடுத்தேன்.

வாஷர் வாங்கவில்லை.


செப்டம்பர் 5, வெள்ளி

வெயில். பி.பி. மாத்திரை நாளையோடு தீர்கிறது.

காலை நடையில் மனம் ஒட்டவில்லை. நாங்கள் திடலின் ஓரமாகச் சுற்றுகிறோம். நடுவில் அவர்கள் பூப்பந்து ஆடுகிறார்கள். மஞ்சள் கம்பளிப் பந்து, வலைக்கு இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். மின்வாரிய அலுவலகத்தில் வேலை பார்க்கும் வசந்தா கேப்டன். எல்லோரிலும் மூத்தவள் என் மனைவி ரெஜினா. கல்லூரி அணியில் ஆடியவள். கல்யாணத்துக்குப் பிறகு நாற்பது வருடம் மட்டையைத் தொடவில்லை. நான் தடுக்கவில்லை, ஆடு என்றும் சொன்னதில்லை. நான்கு வருடத்துக்கு முன்னால் வசந்தா கேட்டுக்கு வெளியே நின்று, "ஒரு ஆள் குறையுதுக்கா, சும்மா வந்து நில்லுங்களேன்" என்றாள். சும்மா நிற்கப் போனவள்தான்.

சுற்றி வரும்போது ரெஜியைத் துண்டு துண்டாகத்தான் பார்ப்பேன். வேப்ப மரத்தருகில் வரும்போது மட்டையை ஓங்கிக்கொண்டிருப்பாள். டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டித் திரும்பினால் பந்து எங்கோ போயிருக்கும், அவள் இடுப்பில் கைவைத்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். நடுவில் என்ன நடந்தது என்று தெரியாது.

எட்டு மணிக்குள் வலையை அவிழ்த்துவிடுவார்கள். கம்பங்களைப் பிடுங்கி வசந்தா வீட்டு மாடிப்படிக்குக் கீழே வைத்துவிடுவார்கள். குழாய்களை மூடி மண்ணைத் தள்ளி, சுண்ணாம்புக் கோட்டையும் விளக்குமாற்றால் கலைத்துவிடுவார்கள். ஆட ஆரம்பித்த புதிதில் யாரோ "பொது இடத்தை ஆக்கிரமிக்கிறார்கள்" என்று மனுக் கொடுத்ததிலிருந்து இந்த வழக்கம். ஒருநாள் தவறியதில்லை. குப்பை வண்டியோடு வரும் அம்மா சொல்வார்: "இவங்க ஆடிட்டுப் போனா எனக்குப் பெருக்குற வேலையே கிடையாது சார். தொடச்சி வெச்ச மாதிரி கீது."

டிபன் சாப்பிடும்போது ரெஜியிடம் சொன்னேன்.

"நேத்து இஞ்சினியர் வந்தாங்க. இங்க விளையாடுறாங்களான்னு கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

"ஆரம்பிச்சேன்."

"சரி. முடிச்சது யாரு?"

"தணிகாசலம்."

இட்லியைப் பிட்டுக்கொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை. "மோட்டார் சத்தம் போடுது, வாஷர் வாங்கினீங்களா?" என்று மட்டும் கேட்டாள். கோபித்திருந்தால் தேவலை.


செப்டம்பர் 8, திங்கள்

மாதா பிறந்தநாள். காலைப் பூசை. கோயிலில் உட்கார இடமில்லை. ரெஜிக்கு நாற்காலி கிடைத்தது, நான் தூணோடு நின்றேன். பிரசங்கம் நீளம்.

வெளியே வந்து போனைப் பார்த்தால் வரைபடம் வந்திருக்கிறது. திடலைச் சுற்றிப் பேவர் பிளாக் பதித்த அகலமான நடைபாதை. உட்காரப் பெஞ்சு. ஒரு மூலையில் உடற்பயிற்சிக் கருவிகள், இன்னொரு மூலையில் ஊஞ்சல். நுழைவாயிலில் வளைவு. நடுவில் பச்சை நிறத்தில் ஒரு வட்டம்: புல்தரை, செயற்கை நீரூற்று. வருகிற திங்கட்கிழமை வார்டு மக்கள் கூடும் பகுதி சபையில் தீர்மானம் போட்டுவிட்டால் டெண்டர்.

குழுவில் வாழ்த்துகள், கைகூப்பும் படங்கள். நானும் ஒரு கைகூப்பு போட்டேன். பிறகு அதை அழித்தேன். அழித்ததும் எல்லோருக்கும் தெரியும் என்று பிறகுதான் தெரிந்தது.

சாயங்காலம் வசந்தா வந்தாள். போனை ரெஜியிடம் நீட்டினாள்.

"பாருக்கா. நம்ம பேக் லைன் இருக்குற இடத்துல சைனாக்காரன் பொம்மை மாதிரி ஒரு நீரூற்று."

"நான் நிக்கிற இடம்டி அது."

"நீ நனைஞ்சிட்டே நில்லு." சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. "வேற எங்கக்கா போறது? பூட்டி வெச்சிருக்கிற ஸ்கூல் கிரவுண்டை விட்டா மண் தரை இந்தப் பக்கம் எங்கேயும் இல்ல. பள்ளிக்கரணை வரைக்கும் எல்லாம் சிமென்ட்டு. சிமென்ட்டுல ஆடினா உன் முட்டி ஒரு மாசம் தாங்காது."

ரெஜி முழங்காலைத் தடவிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "இஞ்சினியரைக் குத்தம் சொல்லி என்ன பிரயோஜனம் வசந்தா? பதினோரு மணிக்கு வந்த பொண்ணுக்கு என்ன தெரியும்? நாமதான் ஒரு பொட்டு விடாம தொடச்சி வெச்சிருக்கோமே. நல்ல பேர் வாங்கணும்னு இல்லாமலே போயிட்டோம்."

நான் அடுப்படியில் காபி கலந்துகொண்டிருந்தேன். சர்க்கரை போட்டேனா என்று சந்தேகம் வந்து மறுபடி போட்டுவிட்டேன். வசந்தா ஒரு வாய் குடித்துவிட்டு, "சார், பாயசம் நல்லா இருக்கு" என்றாள்.


செப்டம்பர் 11, வியாழன்

புழுக்கம். பல் டாக்டர் செவ்வாய் வரச் சொல்லியிருக்கிறார்.

வசந்தாவின் யோசனைப்படி இன்று ஆட்டம் முடிந்தும் வலையை அவிழ்க்கவில்லை. அங்கேயே நிற்கட்டும், நாலு பேர் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார்கள்.

வாட்ஸாப், ஒன்பது மணியிலிருந்து:
"மைதானத்தில் கம்பம் நட்டது யார்?"
"பொது இடம். பர்மிஷன் உண்டா?"
"இப்படித்தான் சார் ஆரம்பிக்கும். நாளைக்கு ஷெட் போடுவாங்க."
"குழந்தைகள் தடுக்கி விழுந்தால் யார் பொறுப்பு?"

நண்பகலில் போய்ப் பார்த்தேன். வலைமீது யாரோ இரண்டு போர்வை காயப்போட்டிருந்தார்கள். நல்ல கனமான போர்வைகள். வலை தொய்ந்து தரையைத் தொட்டது. எடுத்துப் போடலாமா, யாருடையதோ, அவர்கள் வந்து கேட்டால் என்ன சொல்வது என்று வேப்ப மர நிழலில் வெகுநேரம் நின்றேன். கடைசியில் போர்வைக்காரம்மாவே வந்து எடுத்துக்கொண்டார். "நல்ல வெயில் இங்க" என்றார். ஆமாம் என்றேன்.

சாயங்காலம் வசந்தா ஆபீஸிலிருந்து வந்ததும் கம்பங்களைப் பிடுங்கிவிட்டார்கள்.

ரெஜி ராத்திரி மட்டையின் பிடியில் புதுத் துணி சுற்றினாள். "இதை எதுக்குச் சுத்துறேன்னு தெரியல" என்றாள். ஆனால் கடைசிவரை சுற்றினாள்.


செப்டம்பர் 13, சனி

லேசான காற்று. வாஷர் மாற்றியாயிற்று.

பகுதி சபையில் பேச ஒரு பக்கம் எழுதினேன். முதல் வரைவு மிகவும் பணிவு. இரண்டாவது, சண்டைக்குப் போவது போல. மூன்றாவதில் "எனினும்" நான்கு இடத்தில். ரெஜியிடம் காட்டலாமா என்று பார்த்தேன், காட்டவில்லை. பேசாமல் வந்துவிட்டால் அவளுக்குத் தெரியவே வேண்டாம் அல்லவா.

என் நிலையும் குழப்பம். நடைபாதை எனக்கும் வேண்டியதுதான். மழைக்காலத்தில் இரண்டு மாதம் சேற்றில் நடக்கிறோம். போன வருடம் ஒருவர் வழுக்கி விழுந்து தோளில் அடி. தணிகாசலம் கேட்பதில் தப்பில்லை. கெட்டவராக இருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். ரெஜிக்கு டெங்கு வந்தபோது ரத்தத் தட்டணுவுக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவர்.

சாயங்காலம் அவரே போன் செய்தார். "திங்கட்கிழமை நான் நன்றி சொல்லிப் பேசுவேன். நீங்க எழுந்து வழிமொழிஞ்சா போதும் சார். ரெண்டு செகண்டு வேலை."

"சரி" என்றேன். ஏன் சொன்னேன்?


செப்டம்பர் 15, திங்கள்

மாலை நான்கு மணி, சமுதாயக் கூடம். மின்விசிறி இரண்டு, ஓடியது ஒன்று. கவுன்சிலர் அம்மா, பொறியாளர், சுகாதார ஆய்வாளர். கூட்டம் எண்பது பேருக்குக் குறையாது. பெண்கள் இடப்பக்கம். ரெஜியும் வசந்தாவும் மூன்றாவது வரிசை.

முதலில் நாய், தெருவிளக்கு, கால்வாய். ஏரிக்கரைத் தெரு அம்மா ஒருவர் எழுந்து, "மழை வந்தா எங்க தெருவுல வூட்டுக்குள்ளயே நீச்சல் அடிக்கிறோம் மேடம், எங்களுக்கு எதுக்குத் தனியா விளையாட்டு?" என்றதும் கூடமே சிரித்தது. கவுன்சிலரும் சிரித்துவிட்டுக் கால்வாய்க்குத் தேதி சொன்னார். அந்த அம்மா உட்காரவில்லை. "சிரிச்சது போதும், எழுதிக்கோங்க" என்றார். எப்படி முடிகிறது இவர்களுக்கு!

பிறகு திடல். தணிகாசலம் நன்றாகவே பேசினார். நன்றி, மூத்த குடிமக்கள், ஆரோக்கியம். வரைபடத்தைத் தூக்கிக் காட்டினார்கள். "ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க" என்றார் கவுன்சிலர். கைகள் எழ ஆரம்பித்தன.

நான் எழுந்து நின்றேன். கால் தானாக நிமிர்ந்தது போலிருந்தது.

"செயலாளர் சார் வழிமொழியிறார்!" என்றார் தணிகாசலம், மைக்கில்.

கைதட்டினார்கள். நான் பாக்கெட்டிலிருந்த தாளை எடுத்தேன். வியர்வையில் மடிப்போடு மடிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. பிரிக்க வரவில்லை.

"இல்லீங்க," என்றேன்.

கைதட்டல் சட்டென்று நிற்கவில்லை. ஒரு பக்கமாக ஓய்ந்தது. யாரோ "என்ன சொல்றாரு?" என்றார்.

"மேடம், நீங்க ஒரு நாள் காலைல ஆறு மணிக்கு வந்து பாக்கணும்." அவ்வளவுதான் வந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

"எதை சார் பாக்கணும்?" கவுன்சிலர்.

இடப்பக்கத்திலிருந்து ரெஜியின் குரல்: "ஆட்டத்தை மேடம். நாங்க பத்துப் பேர் அங்க தினம் பூப்பந்து ஆடுறோம்."

"பத்துப் பேருக்காக மொத்த காலனியும் காத்திருக்கணுமா?" என்றார் தணிகாசலம்.

"வாக்கிங் போறது எத்தனை பேர் சார்? நேத்து நான் எண்ணினேன், நாலு பேர்," என்றாள் வசந்தா.

"நேத்து ஞாயித்துக்கிழமைம்மா!"

சிரிப்பு. கவுன்சிலர் மேசையைத் தட்டினார். பொறியாளர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று டேப்பைப் பிடித்தவன் என்று ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"புதன்கிழமை வரேன்," என்றார். "ஆறு முடியாது. ஆறரை."

தீர்மானம் வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிவைப்பு.

திரும்பும்போது தணிகாசலம் என்னோடு வரவில்லை. ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே போனார், கிளப்பாமல். கூப்பிட்டிருக்கலாம்.

வீட்டில் ரெஜி: "தாள்ல என்ன எழுதியிருந்தீங்க?" கொடுத்தேன். ஒட்டிய மடிப்பைப் பொறுமையாகப் பிரித்து முழுவதும் படித்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இதைப் படிச்சிருந்தா எல்லாரும் தூங்கியிருப்பாங்க" என்றாள்.

சரியாகச் செய்தேனா தெரியவில்லை. பி.பி. பார்க்கவில்லை, பயம்.


செப்டம்பர் 17, புதன்

நேற்று ராத்திரி பெரிய மழை. விடிவதற்கு முன் போனால் திடல் நடுவில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. என்னால்தான் எல்லோருக்கும் இந்தச் சங்கடம், வாயை மூடிக்கொண்டிருக்கலாம் என்று நினைத்தேன்.

பெண்கள் அப்படி நினைக்கவில்லை. வசந்தா புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு சாக்கை விரித்தாள். பழைய வேட்டி, கோணி, மிதியடி, கிடைத்ததையெல்லாம் போட்டு ஒற்றி, வாளியில் பிழிந்து, கால்வாயில் ஊற்றினார்கள். ரெஜியும் ஒரு சாக்கின் நுனியைப் பிடித்தாள். முட்டி, முட்டி என்றேன். "முட்டியை வெச்சா பிழியிறேன், கையாலதானே?" என்றாள். நானும் ஒரு நுனியைப் பிடித்தேன். நடைக் குழுவில் இரண்டு பேர் வந்து வாளி தூக்கினார்கள். தணிகாசலம் வரவில்லை.

பொறியாளர் வந்தபோது ஆட்டம் தொடங்கவே இல்லை. எல்லோரும் சேறாக நின்றோம். பரவாயில்லை மேடம், இன்னொரு நாள் என்று நான் சொல்ல நினைத்தேன். அதற்குள் வசந்தா கம்பத்தைக் குழாயில் இறக்கிவிட்டாள். பொறியாளர் குனிந்து குழாயைப் பார்த்தார். மூடியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

ரெஜியின் பக்கம் ஆடும் ஷாஹிதா, குழந்தைக்குக் காய்ச்சல் என்று வரவில்லை. அந்தப் பக்கம் ஐந்து, ரெஜி பக்கம் நான்கு.

"அம்பயர் யாரு?" பொறியாளர் கேட்டார்.

"அம்பயரெல்லாம் இல்ல மேடம். சண்டை போட்டு முடிவு பண்ணிப்போம்."

"இன்னைக்கு நம்ம லைப்ரரி சார் நிக்கட்டும்," என்றாள் வசந்தா.

எனக்கு விதிமுறை தெரியும், படித்திருக்கிறேன். ஆனால் கத்தத் தெரியாது. நூலகத்தில் வேலை பார்த்தவன். தள்ளிக்கொண்டுபோய் வலையருகில் நிறுத்திவிட்டார்கள்.

முதல் தடவையாக ஓர் ஆட்டத்தை முழுதாகப் பார்த்தேன். சுற்றிக்கொண்டே பார்க்கும்போது இடையில் விடுபட்டுப் போனது இவ்வளவா! ஈரத்தில் கம்பளிப் பந்து கனத்துப்போய்ப் பாதியில் விழுகிறது. ரெஜி அதை முன்கூட்டியே தெரிந்தவள் போல இரண்டு அடி முன்னால் வந்து நிற்கிறாள். வேகம் இல்லை, ஓட்டம் இல்லை. பந்து வரும் இடத்தில் முன்பே இருக்கிறாள். நான்கு பேர் பக்கம்தான் முன்னணியில்.

கடைசிக்குக் கொஞ்சம் முன்னால், பின்கோட்டிலிருந்து ரெஜி ஓங்கி அடித்தாள். அருமையான அடி. அந்தப் பக்கம் ஒருத்தியும் தொடவில்லை. பந்து கோட்டுக்கு வெளியே நான்கு விரல் தள்ளி விழுந்தது. நான் பார்த்தேன்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவுட்."

"என்னங்க!"

"அவுட், ரெஜி." இவ்வளவு சத்தமாக அவளிடம் நான் பேசியதே இல்லை.

வசந்தா வலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சார், மத்தியானம் சாப்பாடு எங்க வீட்டுக்கு வந்துடுங்க!" பொறியாளரும் வாயைப் பொத்திக்கொண்டார். ரெஜி முறைத்தாள். பிறகு பந்தை எடுத்து அந்தப் பக்கம் போட்டாள்.

எட்டு ஆவதற்கு முன் பழக்கத்தில் வலையை அவிழ்க்க ஆரம்பித்தார்கள். "ஏன் கழட்டுறீங்க?" என்றார் பொறியாளர். வசந்தா மனு வந்த கதையைச் சொன்னாள்.

"அக்கா, இந்தப் பணம் பூங்காவுக்கு வந்தது இல்ல, விளையாட்டுக்குன்னு வந்தது. விளையாடுறவங்களே இல்லாத இடத்துல அதை எப்படிச் செலவு பண்றதுன்னுதான் ஊஞ்சல், நீரூற்றுன்னு நிரப்பினேன். இவ்ளோ நேரமா சாக்குல தண்ணி ஒத்தி எடுத்து ஆடுறீங்க. முதல்ல கேட்கவேண்டியது வடிகாலை இல்லையா?"

மறுபடி அளந்தார். ஆடுகளம் இருக்கும் இடத்திலேயே. செம்மண், களிமண் கலந்து, அடியில் வடிகால், நிரந்தரக் கம்பம். நடைபாதை வேலியோடு ஒட்டி, அகலம் பாதி. நீரூற்று இல்லை.

மத்தியானம் வீட்டில்தான் சாப்பாடு. வத்தக்குழம்பு. "நாலு விரலா?" என்று கேட்டாள். "நாலு விரல்" என்றேன். "மூணுதான் இருக்கும்" என்றாள்.


செப்டம்பர் 19, வெள்ளி

தெளிந்த வானம். பல் டாக்டரைச் செவ்வாயன்று மறந்தே போனேன்.

தீர்மானம் புது வரைபடத்தோடு வந்தது. கைகள் எழுந்தன. தணிகாசலம் தூக்கவில்லை. கவுன்சிலர் அவரைப் பார்த்தார்.

"பாதி அகலப் பாதையில எப்படி மேடம் ரெண்டு பேர் பேசிக்கிட்டு நடக்கிறது?"

"ஒருத்தர் பேசினா போதும் சார், நீங்க எப்பவும் முன்னாடிதானே போறீங்க," என்றாள் வசந்தா.

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "வேப்ப மரத்துப் பக்கம் ரெண்டு லைட்டு. பெஞ்சுக்குச் சாய்மானம். எழுதிக்கோங்க. அப்பதான் கை தூக்குவேன்." பொறியாளர் எழுதினார். தணிகாசலம் கை தூக்கினார்.

வெளியே வந்து என்னிடம்: "ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாம் சார்."

"எனக்கே தெரியாதுங்க."

நம்பினாரா தெரியவில்லை. ஆனால் ஸ்கூட்டரில் ஏறச் சொன்னார்.


அக்டோபர் 22, புதன்

தீபாவளி கழிந்து இரண்டு நாள். விடாத மழை. திடல் குளம். தவளைச் சத்தம் இங்கே வரை கேட்கிறது. ஆட்டமும் இல்லை, நடையும் இல்லை.

டெண்டர் என்ன ஆயிற்று என்று கேட்டுப் பொறியாளருக்கு ஒரு செய்தி தட்டி, அனுப்பாமல் வைத்திருக்கிறேன். பழைய வரைபடமாக இருந்திருந்தால் மழைக்கு முன்பே வேலை தொடங்கியிருக்கும் என்று குழுவில் ஒருவர் போட்டிருந்தார். உண்மையாகவும் இருக்கலாம். நான் எழுந்து நின்றதால் இருந்ததும் போய், வருவதும் வராமல் போனால்?

ரெஜி கார் நிறுத்துமிடத்தில் சுவரில் பந்தை அடித்துக்கொண்டிருக்கிறாள். தட், தட். மேல்வீட்டுப் பையனுக்குப் பரீட்சையாம், குறை சொன்னார்கள். இப்போது மெதுவாக அடிக்கிறாள். தட்.

(பின்சேர்க்கை, சாயங்காலம்: செய்தியை அனுப்பிவிட்டேன். பதில் உடனே: "டெண்டர் முடிஞ்சது சார். மழை விட்டதும் வேலை. அக்காவைப் பிராக்டிஸ் பண்ணச் சொல்லுங்க.")


ஜனவரி 19, திங்கள்

பனி. பொங்கல் விடுமுறை முடிந்து காலனிக்குச் சத்தம் திரும்பிவிட்டது. காலையிலேயே ஜே.சி.பி.

ஓட்டுநர் இறங்கித் தரையை உதைத்துப் பார்த்தார். "இன்னா சார் இது, மண்ணுக்குள்ள பைப்பு கீது? முன்னாடியே சொல்றதில்ல? பக்கெட்டு மாட்டிக்கினா பேஜாராப் பூடும்." வசந்தா அலுவலகத்துக்கு லேட் சொல்லிவிட்டு நின்று இரண்டு குழாயையும் தோண்டி எடுத்துக் கொடுத்தாள். துருப்பிடித்து, பாதி நீளம்கூட இல்லை. இத்தனை நாள் கம்பம் இதிலா நின்றது?

முதல் வாளி மண்ணை அள்ளியபோது எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நல்லதுதான் நடக்கிறது, இருந்தும் பார்க்கப் பிடிக்கவில்லை.

தணிகாசலம் மேஸ்திரியிடம் பெஞ்சுச் சாய்மானம் எந்தக் கோணத்தில் இருக்க வேண்டும் என்று உட்கார்ந்தே காட்டிக்கொண்டிருந்தார், பெஞ்சு இல்லாமல்.

வேலை முடிய இரண்டு மூன்று மாதம் ஆகுமாம். களிமண் இறுக வேண்டும். அதுவரை எங்கே ஆடுவது? பக்கத்துத் தெரு அரசுப் பள்ளியில் மண் மைதானம் இருக்கிறது. ஏழரை வரை பிள்ளைகள் வருவதில்லை. யார் போய்க் கேட்பது என்று பேச்சு. வசந்தாவுக்கு இனி லீவு இல்லை. ரெஜி, "நான் போனா கெஞ்சுற மாதிரி ஆயிடும்" என்றாள். "அம்பயர் போகட்டும்" என்றாள் ஷாஹிதா. எல்லோருக்கும் அது பிடித்துப்போயிற்று. பொறியாளர் ஆட்டம் பார்க்க வந்த அன்றிலிருந்து, ஆட்டம் நடந்த நாளெல்லாம் என்னைத்தான் வலையருகில் நிறுத்துகிறார்கள். சண்டை குறைந்ததா கூடியதா என்று கணிக்க முடியவில்லை.


ஜனவரி 20, செவ்வாய்

பனி கலையப் பத்து மணி ஆயிற்று. தாள் எதுவும் எடுத்துப் போகவில்லை. வெள்ளைச் சட்டை. ரெஜி காலரைச் சரிசெய்துவிட்டு, "தொண்டையைச் செருமிக்கிட்டே நிக்காதீங்க" என்றாள்.

பள்ளி வாசலில் செருமினேன். வாட்ச்மேன் என்ன என்பது போலப் பார்த்தார், உள்ளே போய்விட்டேன்.

தலைமை ஆசிரியை கண்டிப்பானவர் போலத் தெரிந்தார். மேசையில் கட்டுக் கட்டாகத் தேர்வுத்தாள். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன். திடல், மாநகராட்சி வேலை, மண் தரை, காலை ஏழரைக்குள் முடித்துச் சுத்தமாகப் பெருக்கிவிடுவோம் என்று. பெருக்குவதைச் சொன்னதும் அவசரமாக, "ஆனா கம்பம் நிக்கும் மேடம். அதைக் கழட்டமாட்டோம். உங்க பிள்ளைங்களும் ஆடலாம்" என்றேன். இதை யாரும் சொல்லச் சொல்லவில்லை. வீட்டில் கேட்டால் என்ன சொல்வது?

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "பூப்பந்தா? எங்க பி.இ.டி. மிஸ் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருக்காங்க. வலை வாங்கக் காசு இல்ல."

"வலை நாங்க கொண்டு வருவோம்."

"உட்காருங்க சார்." உட்கார்ந்தேன். கேட் சாவிக்கு ஒரு பதிவேட்டை இழுத்துத் திறந்தார்.

"எத்தனை பேர் வருவீங்க?"

பத்துப் பேர் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"பதினோரு பேர் மேடம்."

எழுதிக்கொண்டார்.